காப்பும் பூணூலும்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமக மகோற்சவம் ஐந்து தேர்களின் பவனியால் புகழ்பெற்றது. எனினும், தேர்வடத்தினும் சிந்தனைக்குரியது, ஆகம வழிப்பட்ட மகோற்சவங்களிற் கட்டப்படும் மெல்லிய காப்பு நூலேயாம்.

பூணூலின் மூன்று இழைகளுக்குத் தேவர்கடன், முனிவர்கடன், பிதிர்கடன் எனப் பொருள் கூறுவர். கடனை நினைவூட்ட எழுந்த அந்நூல், காலப்போக்கிற் பிறப்பை அறிவிக்கும் அடையாளமாகச் சுருங்கியது. குற்றம் நூலினுடையதன்று.

காப்பின் இயல்பு வேறு. தோட்டத் தொழிலாளியாயினும் நகர வணிகராயினும், நோன்பேற்றவர் மணிக்கட்டில் ஏறுவது மஞ்சள் தோய்ந்த அதே நூல்தான். உபநயனமும் தீட்சையும் பெற்ற குருக்களும் காப்புக் கட்டிய பின்னரே விழாவை நடத்துவர். முன்னர்ப் பெற்ற தகுதி எதுவாயினும், சங்கற்பம் புதிதாகவே வேண்டப்படுகின்றது. இறைவனின் திருமேனிக்கும் காப்பு அணிவிக்கப்படுவதை நோக்குமிடத்து, அதனைப் பேயச்சம் போக்கும் கயிறாக மட்டும் கொள்ளுதல் பொருந்துமா? உலகைக் காப்பவளுக்குக் காவல் எதற்கு? ஈண்டுக் காக்கப்படுவது எடுத்த காரியமே எனல் தகும்.

ஆவணி அவிட்டத்திற் பூணூலைப் புதுப்பித்து அணிவர். காப்பையோ விழா நிறைவில் அவிழ்த்துவிடுவர். அதன்பின், பெருமை பாராட்டுதற்கு அணிந்தவர் கையில் யாதும் எஞ்சுவதில்லை.