சுவாத்தியாயமும் செய்யுளும்



இல்லறத்தார் நாள்தோறும் இயற்ற வேண்டிய ஆறு கடமைகளுள் தேவபூசையும் தானமும் நம் இல்லங்களில் ஒருவாறு நடைபெற்று வருகின்றன. சுவாத்தியாயமே தளர்ந்து கிடக்கிறது. காரணம் வினவினால், "வடமொழியும் பிராகிருதமும் எங்களுக்கு எங்கே விளங்கும்?" என்கின்றனர். விளங்க வேண்டும் என்றன்றோ நம் முனிவர் பெருமக்கள் அறத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்தருளினர்!

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் சுவாத்தியாயத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்து, அதனை ஐந்தாகப் பகுத்துள்ளார். ஓதுதல், ஐயம் வினாவுதல், சிந்தித்தல், பிழையின்றிப் பலகால் உருவிடுதல், பிறர்க்கு உரைத்தல் என்பன அவை. இவற்றுள் உருவிடுதலுக்குச் செய்யுளைப்போல் வாய்ப்பானது வேறில்லை. நாலடியாரின் 'சினமின்மை' அதிகாரத்தில் பத்தே பாடல்கள் உள்ளன. சினம் நமக்குப் பூசை அறையிலா வருகிறது? அடுப்படியில் வருகிறது, வயல் வரப்பில் வருகிறது, வேலைக்காரப் பெண் பாத்திரத்தைக் கீழே போட்டுடைத்தபோது வருகிறது. அந்நேரத்தில் நூலைத் தேடிப் பிரித்துப் பார்க்க இயலாது. நாவில் ஊறிக் கிடக்கும் நான்கடி தானே வந்து தடுத்தால்தான் உண்டு.

இனிச் சிந்தித்தலைக் காண்போம். சீவக சிந்தாமணியின் இறுதிப் பகுதியாகிய முத்தி இலம்பகத்தில் ஒரு காட்சி. அரசுரிமை மீட்டு, எண்மர் தேவியரோடு வாழும் சீவகன் சோலையில் இருக்கிறான். ஓர் ஆண்குரங்கு பலாச்சுளையைத் தன் துணைக்கு ஊட்ட முனைகிறது. காவற்காரன் கோலோடு வந்து விரட்டிப் பழத்தைக் கவர்ந்துகொள்கிறான். நடந்தது இவ்வளவே. ஆயினும் சீவகன் துறவு பூணுதற்கு அதுவே வித்தாயிற்று.

அவன் நினைத்தது யாது? பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனை ஒத்தது. பறித்துக்கொண்ட காவற்காரன் தன்னை ஒத்தான் என்று எண்ணினான். கட்டியங்காரனோ சீவகன் தந்தையைக் கொன்று நாட்டைக் கவர்ந்தவன். நியாயம் முழுவதும் சீவகன் பக்கமே. அத்தகையவன் பறிப்பவனிடத்தில் தன்னைக் கண்டான்! பாகப்பிரிவினை பற்றி முறையிட என்னிடம் வரும் உடன்பிறந்தார் எவரும் 'நான் பறித்தேன்' என்று சொல்லக் கேட்டதில்லை, இருவருமே இழந்தவர்கள்தாம். அவர்களுக்கு நான் நெடிய உபதேசம் செய்வதில்லை. திருத்தக்கதேவரின் அப்பாடல்களைப் படித்து வாருங்கள் என்பேன். சிலர் படித்துவிட்டு வந்ததும் உண்டு.

யசோதர காவியமும் இத்தகையதே. மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே தாயும் மகனும் பல பிறவிகளில் உழன்றனர். 'மாவுதானே' என்பவர்க்கு எண்ணத்தால் செய்யும் இம்சையை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்துவது?

இந்நூல்களை முன்பு பண்டிதர்கள் மட்டுமே ஓதி வந்தார்கள் என்று கருத வேண்டா. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், அதன் சமயக் கருத்துகள் விளங்காமல் கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடிச் சென்றார். அங்கு ஓர் இல்லத்தில் சிந்தாமணி படனம் நிறைவெய்திய நாளை மாக்கோலமும் தோரணமுமாக விழாக் கொண்டாடினர். பல பிரதிகளை வைத்து ஆராய்ந்த அப்பேரறிஞர் விளக்கம் பெற்றது, வீட்டுத் திண்ணையில் அந்நூலைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தாரிடம்! அவ்வாறு ஐயம் தீர்க்க இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் உளர்?

மாலையில் விளக்கேற்றியபின் ஒரு பாடல் போதும். பாட்டனார் ஓதட்டும்; பேரப்பிள்ளை பொருள் கேட்கட்டும். கேள்விக்கு விடை தெரியாவிடில் அதட்டி அடக்காதீர்கள், வினாவுதலும் சுவாத்தியாயமே. மறுநாள் உரையைப் பார்த்துச் சொல்லுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் மக்கள் தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது, அன்றைய பாடலை அவர்களுக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டலாம்.