பின்னால் வரும் பாரம்

தன் கண்ணுக்கு முன்னால் நடப்பதற்கு மனிதன் பொறுப்பாளி. சரி, தன் முதுகுக்குப் பின்னால் வருவதற்கு? இப்படிப் பொதுவாகக் கேட்டால், "அதற்கும்தான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் காப்பியை ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். தர்ம விசாரத்தில் உள்ள தொல்லையே இதுதான். பொதுவில் பேசும்வரை எல்லாம் சுலபம். ஆகையால் ஒரு படகை முன்னே நிறுத்திக்கொண்டு இதை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகள் அதிகம். 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ளவை மட்டும் 11,842 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே நடுத்தரக் குடும்பங்கள் ஆசைப்பட்டு வாங்கும் படகுக்குப் 'பாண்டூன்' என்று பெயர். கூர்மையான மூக்கும் வளைந்த வயிறும் இதற்குக் கிடையாது. இரு முனையும் அடைத்த நீண்ட அலுமினியக் குழாய்கள் இரண்டு. உள்ளே வெறும் காற்று. அவற்றின்மேல் தட்டையாக ஒரு தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, மெத்தை தைத்த ஆசனங்கள், மேலே துணிப் பந்தல், பின்புறம் ஒரு மோட்டார். நீரில் மிதக்கும் திண்ணை என்றால் சரியாக இருக்கும். 1952-ல் அந்த மாநிலத்து ரிச்மண்ட் என்ற ஊர்ப்பக்கம் இருந்த ஆம்புரோஸ் வீயர்ஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். சாதாரணப் படகைவிட ஆட்டம் குறைந்த தளம் வேண்டும் என்பது அவர் எண்ணம். விவசாயி அல்லவா, திண்ணையின் அருமை தெரிந்திருக்கிறது!

வேகப் படகு வாங்கினால் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். அம்மா கரையில் நின்று கையசைப்பாள். பாண்டூனில் பாட்டி உட்காரலாம், குழந்தை தத்தித் தத்தி நடக்கலாம், நாய் கூடப் படுத்துக்கொள்ளலாம். குடும்பம் முழுவதும் ஒரே பலகையில் இருக்கும். மின்னசோட்டாவில் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எண்பத்து நாலு வயது மாமியாரை உத்தேசித்துத்தான் இதை வாங்கினார்.

விற்கிறவன் ஆசனத்தைக் காட்டுவான், பந்தலை விரித்துக் காட்டுவான். இழுத்துப் போகும் சங்கதியைக் கடைசியில்தான் சொல்வான். 22 அடி நீளம், எட்டரை அடி அகலம். அதற்கு மேல் அகலமானால் பெரும்பாலான சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. டிரெயிலரையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை டன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கிமேல் அமுங்க வேண்டும். குறைந்தால் டிரெயிலர் வாலாட்டத் தொடங்கிவிடும். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைப் பெருக்கல் குறிபோல மாட்டவேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெயிலரின் மூக்கு தரையில் குத்தாமல் தூளியில் விழுவதுபோல் அதில் விழும். இந்தச் சங்கிலியால் யாருக்கு லாபம்? முக்கியமாக, பின்னாலும் எதிரிலும் வருகிற, முகம் தெரியாத மனிதர்களுக்கு. முன்னால் ஓட்டுகிறவன் அவர்களை ஒரு நாளும் சந்திக்கப் போவதில்லை. ஆனாலும் சங்கிலி மாட்டுவதில் யாருக்கும் சஞ்சலம் இல்லை. ஒரு நிமிஷ வேலை. யாருடைய சந்தோஷமும் கெடுவதில்லை.

சந்தோஷம் கெடுகிற இடம் வேறு. உடம்பில் வரிகள் இருப்பதால் வரிக்குதிரைச் சிப்பி என்று அழைக்கப்படும் ஒரு சிறு பிராணி இருக்கிறது, விரல் நகத்தளவுதான். கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தொட்டி நீரில் பிரயாணம் செய்து அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்துவிட்டது. 1988-ல் கண்டுபிடித்தார்கள், அடுத்த ஆண்டே மின்னசோட்டாவின் துலூத் துறைமுகத்தில் இருந்தது. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உறிஞ்சி வடிகட்டி, சிறு மீன்களுக்கு ஆகாரமான நுண்ணுயிர்களைத் தின்றுவிடும். ஏரி பளிங்குபோல் தெளியும். பார்க்கிறவர்கள், "ஆஹா, என்ன சுத்தம்!" என்பார்கள். குளிக்க இறங்குகிற குழந்தைகளின் பாதத்தை ஓடு கிழிக்கும், குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை குடியேறிவிட்டால் ஏரி முழுவதிலிருந்தும் விரட்டும் வழி இன்னும் பிடிபடவில்லை. இதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் படகின் ஈரத்தில் ஏறிக்கொண்டு போகும்.

நம்மவர் வாங்கியது பழைய பாண்டூன். மே மாதத்திலிருந்து மினடோங்கா ஏரியில் கட்டிக் கிடந்தது. அந்த ஏரியில் 2010-லிருந்து சிப்பி உண்டு. இவருடைய சிறிய ஏரியில் இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை படகு கைக்கு வந்தது. திங்கட்கிழமை மாமியார் விமானம் ஏறுகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒட்டிய பாசியை எடு, நீரை வடி, வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டுத்தான் சாலையில் போ என்கிறது. கரையோர மேடையையும் படகுத் தூக்கியையும் வேறு ஏரிக்கு மாற்றினால் 21 நாள் காயவிட வேண்டும் என்று கட்டளை. படகுக்கு அப்படி நாள் கணக்கு இல்லை. 5 நாளாவது காயவிடு என்பது யோசனை மட்டும். வெந்நீர் பீய்ச்சிக் கழுவுமிடங்கள் உண்டு; அன்று மாலை அவர் வழியில் எதுவும் திறந்திருக்கவில்லை. அவர் குழாய்களைக் கையால் தடவிப் பார்த்தார். குஞ்சுச் சிப்பி ஒட்டியிருந்தால் உப்புக் காகிதம்போல் சொரசொரக்குமாம். ஒன்றும் தட்டுப்படவில்லை. சட்டப்படி மறுநாளே ஏரியில் இறக்கலாம். அவர் இறக்கவில்லை. வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டார்.

அவர் மைத்துனர் ஒரு வாதம் சொன்னார்: "தினம் எத்தனையோ படகு இறங்குகிறது. நீ கொண்டுவராவிட்டால் வேறொருவன் கொண்டுவருவான்." 'நான் வாங்காவிட்டால் அடுத்த மேஜைக்காரன் வாங்குவான்' என்று நம் ஊர் ஆபீஸ்களில் கேட்கிற அதே வாதம் என்று முதலில் நினைத்தேன். அப்படி அல்ல, இதற்குப் பலம் கொஞ்சம் அதிகம். லஞ்சத்தில் இரண்டாமவன் வாங்குவது இரண்டாவது பாவம். ஏரியிலோ, முதல் சிப்பி குடியேறிய பிறகு இரண்டாவதாகக் கொண்டுவருகிறவன் செய்யும் கெடுதல் சொற்பம். ஆனால், இந்த ஆண்டு வருவதும் பத்து ஆண்டு கழித்து வருவதும் எப்படி ஒன்றாகும்? நடுவில் உள்ள பத்துக் கோடைகளும் நிஜமானவை. எப்படியும் சாகப்போகிறவன்தானே என்று எந்த வைத்தியரும் மருந்தை நிறுத்துவதில்லை.

அவர் மனைவி சொன்னதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. "ஏரிக்கு அடுத்த வருஷம் உண்டு. அம்மாவுக்கு உண்டா?" நடக்குமோ நடக்காதோ என்ற ஒரு தீங்கை, அதுவும் யாரோ முகம் தெரியாதவர்களுக்கு வரக்கூடியதை, ஒரு தட்டில் வைக்கிறோம். நிச்சயமாகக் கைநழுவப் போகிற ஒரு கிழவியின் மாலை வேளையை மற்றத் தட்டில் வைக்கிறோம். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். நிச்சயமில்லாத தீங்கென்றாலும், வந்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது; அதைச் சுமக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த அம்மாளின் கோபம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரியானதைச் செய்துவிட்டால் செய்தவனுக்குக் கடன் தீர்ந்துவிடுகிறது என்பதை நான் நம்புவதில்லை. அவர் மாமியாருக்குக் கடன்பட்டார்.

சனிக்கிழமை மாலை ஏணி வைத்து எல்லோரும் முற்றத்தில் நின்ற படகில் ஏறினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பாட்டி கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, புல்தரையைப் பார்த்து, "இன்று அலை கொஞ்சம் குறைவுதான்" என்றாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை, ஐந்தாவது நாள், டிரெயிலரில் படகு உட்காரும் மரச்சட்டங்களைப் போர்த்திய கம்பளத்துக்குள் அவர் விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் ஏரியில் இறக்கினார். பாட்டிக்கென்று தேர்ந்தெடுத்த ஆசனத்தில் யாரும் உட்காராததால் என்னை உட்காரச் சொன்னார்கள்.