அர்த்தாசனம்

ஐம்பத்தெட்டு வயதில் மோட்டார் சைக்கிளின் சீட்டை மாற்றிக்கொள்வது வைராக்கியத்துக்கு இழுக்காகுமா என்ற வினா, கேட்பவருக்குச் சிரிப்பை விளைவிக்கக் கூடியதேயாயினும், என்னைச் சில மாதங்கள் உண்மையாகவே அலைக்கழித்தது. வண்டியோடு வந்த சீட்டு ஒரு சராசரி மனிதனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தச் சராசரி மனிதனை இன்றுவரை ஒருவரும் நேரில் கண்டதில்லை. பெங்களூரிலிருந்து ஹாசன் சாலையில் நெலமங்கலம் தாண்டும் வரையில் சீட்டு ஒன்று இருப்பதே தெரியாது. குணிகல் வந்ததும் இருக்கிறது என்று தெரியும். எடியூர் சித்தலிங்கேசுவரர் கோயில் வாசலில் இறங்கும்போது, அதைத் தவிர வேறெதுவும் இப்பிரபஞ்சத்தில் இருப்பதாகவே தெரியாது. எடியூரில் அந்த மகான் அடங்கிய இடத்தைக் கன்னடத்தில் ‘கத்துகெ’ என்கிறார்கள். அரியணைக்கும் அதே சொல்தான். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஆசனத்தின் முன்னே, உட்கார முடியாத ஒருவன் கைகூப்பி நின்றான்.

வலியைப் பொறுப்பதும் ஒரு தவமே என்று எனக்கு நானே உபதேசம் செய்துகொண்டு ஓட்டினேன். தவத்துக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், தன்மேல் வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வதைத்தானே முதலில் வைத்தார்? (அவர் அதோடு நிறுத்தவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.) தவத்தின் பயன் சித்தம் ஒருமைப்படுதல் என்றால், என் சித்தம் ஒருமைப்பட்டது வாஸ்தவம், ஒருமைப்பட்ட இடந்தான் சரியில்லை. உட்காரும் மனிதனின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு சிறு முனைகளின் மேல் இறங்குகிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைப்படும்போதுதான் மரத்துப்போதலும் எரிச்சலும் ஆரம்பமாகின்றன. ராகிக் கொல்லைகளும் தென்னந்தோப்புகளும் இருபுறமும் ஓடி மறைய, நான் அவ்விரு முனைகளையே தியானம் பண்ணிக்கொண்டு போனேன்.

ஆசனத்தைப் பற்றிப் பதஞ்சலி யோக சூத்திரத்தில் செலவிட்ட சூத்திரங்கள் மூன்றே. அதற்கு லட்சணமாக அவர் கேட்பவை ஸ்திரம், சுகம் என்னும் இரண்டு. வலிக்கு அங்கே இடமில்லை. சுகம் என்ற அச்சொல்லின் பூர்வ சரித்திரமோ வண்டியோட்டிகளுக்கு மிகவும் உவப்பானது. ரிக் வேதத்தில் அது பெரும்பாலும் ரதத்துக்கு அடைமொழியாகவே வருகிறது. தடையின்றி ஓடும் ரதம் சுகமான ரதம். ‘சு’ என்றால் நல்லது, ‘க’ என்றால் துவாரம், ஆகவே அச்சு நுழையும் துளை செவ்வையாக அமைந்த தேர்தான் சுகம், அமையாததுதான் துக்கம் என்று பொருள் பிரிப்பாரும் உளர். இந்த வியுற்பத்தியைப் பண்டிதர் எல்லாரும் ஒப்புவதில்லை. நெடுஞ்சாலையில் நூறு மைல் ஓட்டியவர் எவரும் மறுக்க மாட்டார்.

ஆகவே ஒரு நாள் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் அந்தச் சாலையில் வண்டிச் சாமான் கடைகளும் சீட் கவர் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. சாலைக்குப் பெயர் தந்த ஜயசாமராஜேந்திர உடையார், 1940இல் மைசூர்ச் சிம்மாசனம் ஏறியவர்; அரசு போனபின், 1957இல், வீடும் உடையும் ஆசனமும் வேண்டாத அவதூதராகிய தத்தாத்திரேயரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டவர்; 1961இல் மாகாண கவர்னராக இருந்தபோது மைசூரில் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைத் திறந்து வைத்தவரும் அவரே. சிம்மாசனத்தையும் அவதூதரையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே ஆயுளில் கண்டவரின் பெயர் சீட்டுத் தைக்கிற தெருவுக்கு வாய்த்தது தற்செயல்தான்; ஆனாலும் எனக்கு அது தைரியம் கொடுத்தது.

கடைக்கார பாய் பேச்சைக் கன்னடத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை ஏற்றி உட்கார வைத்து, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, பாரம் இறங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். பிறகு சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, ஸ்குரூ டிரைவர் நுனியால் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து உறையை உரித்ததும், கம்பெனி ஃபோம் மஞ்சளாக, எனக்கு வலித்த இடத்தில் மட்டும் நசுங்கிப் போய்த் தெரிந்தது. மெத்தென்று இருக்கட்டும் என்றேன்.

“சாஃப்டா போட்டா கடையில நல்லாத்தான் இருக்கும் சார், குணிகல்ல அழ வெக்கும்” என்றார்.

கடோபநிஷத்தில் யமன் நசிகேதனுக்குப் பிரித்துக் காட்டிய சிரேயஸும் பிரேயஸும் இவைதாம். உடனே இனிப்பது பிரேயஸ், பின்னால் நன்மையாவது சிரேயஸ். மெத்தென்ற ஃபோம் பத்து நிமிஷம் உபசரித்துவிட்டு, அமுங்கித் தட்டையாகி, அடித்தகட்டின்மேல் நம்மை இறக்கிவிடும். கெட்டியான ஃபோமோ பாரத்தை நாலா பக்கமும் பகிர்ந்து தாங்கும். அவர் கெட்டியானதை அடியில் ஒட்டி, பிளேடால் பள்ளம் செதுக்கி, அதன்மேல் மெல்லியதொரு மெதுவான அடுக்கைப் பரப்பினார். சொல்யூஷன் நெடி தலைக்கேற நின்றுகொண்டிருந்த எனக்குக் கீதையின் ஆறாம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. யோகிக்கு ஆசனம் மிக உயரமும் வேண்டாம், மிகத் தாழ்வும் வேண்டாம்; அடியில் தர்ப்பை, அதன்மேல் மான்தோல், அதற்கும் மேலே துணி. சுலோகத்தில் துணி முதலாவதாக வந்தாலும் அடுக்கும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று சங்கரர் உரையில் எச்சரிக்கிறார். எல்லாவற்றையும் மாயை என்றவர், ஆசனத்தின் அடுக்கு வரிசையை மட்டும் மாயை என்று விட்டுவிடவில்லை. பாய் தர்ப்பைக்கும் தோலுக்கும் ஈடு செய்துவிட்டார். துணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரெக்ஸினை இழுத்துப் பிடித்துப் பின் அடித்தார்.

மறு ஞாயிறு மனைவியோடு புறப்பட்டேன். குணிகல்லில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்; அவள் பேசவில்லை. எடியூரில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, உங்களுக்குச் சிம்மாசனம் ஆச்சு. எனக்கு அதோட படிக்கட்டா?” என்றாள். என் முதுகுக்கு அணையாக எழுப்பிய மேடு அவளுடைய இடத்தைத் தின்றிருந்தது, மீதியிருந்ததும் சரிவு. அப்போதுதான் வள்ளுவர் சொன்ன மற்றப் பாதி நினைவுக்கு வந்தது: பிற உயிருக்குத் துன்பம் இழையாமை. வலியைத் தாங்கிய காலத்திலும் நான் தவம் செய்யவில்லை, வலி நீங்கிய பிறகும் செய்யவில்லை. இரண்டு காலத்திலும் என் எலும்பைத் தவிர வேறெதையும் நினைத்தவனல்லன். சுகத்தை நாடியது குற்றமென்று நான் இன்றும் கருதவில்லை. அதை ஒருவனுக்கு மட்டும் அளவெடுத்ததே குற்றம். சாகுந்தலத்தில் அசுரரை வென்ற துஷ்யந்தன், இந்திரன் தன் ஆசனத்தில் பாதி தந்து அமர்த்தியதைத்தான் பெரிய சன்மானமாகச் சொல்லி மகிழ்கிறான். அர்த்தாசனம் என்பது அதற்குப் பெயர். நான் தந்தது பாதியுமில்லை.

திரும்பவும் ஜே.சி. ரோடு. “அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும் சார்” என்று பழியைத் தம்மேல் போட்டுக்கொண்ட பாய், இம்முறை சாக்பீஸைத் தாம் வைத்துக்கொள்ளாமல் அவளிடம் நீட்டிவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவளே கோடு போட்டாள். என் மேடு இரண்டு விரல் குறைந்தது.

அந்தச் சீட்டில்தான் சிரவணபெளகொள வரை போனோம். அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறினால், பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயன் எழுப்பிய பாகுபலி, ஏறக்குறைய 57 அடி உயரத்தில், கால்களில் கொடி படர, ஆசனம் என்ற பேச்சுக்கே இடமின்றி நிற்கிறார். காயோத்ஸர்க்கம், உடலை விட்டுவிடுதல், என்று அந்நிலைக்குப் பெயர். என் சீட்டு விசாரங்கள் அத்தனைக்கும் அது மறுப்புத்தானே என்று முதலில் குன்றிப்போனேன். ஆனால் சமணர் சொல்லும் கதை வேறு விதமாகப் போகிறது. அண்ணன் பரதனை வென்று, வென்ற அரியணையை அவனுக்கே விட்டுவிட்டு வந்து, ஓராண்டு அசையாமல் நின்றும் ஞானம் கைகூடவில்லையாம். தான் நிற்கும் மண்ணும் அண்ணனுடையதே என்ற ஓர் எண்ணம் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்ததாம். ஆசனத்தைத் துறந்தவருக்கும், தாம் நிற்கும் இடம் யாருடையது என்ற கேள்வி தீரவில்லை. பரதனே வந்து வணங்கிய பிறகுதான் அம்முள் கழன்றது என்பார்கள்.

இறங்கி வந்தபோது உச்சி வெயில். ரெக்ஸினில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தேன், தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அவள் பையிலிருந்து ஒரு பருத்தித் துண்டை எடுத்து உதறி, முன்னிருந்து பின்வரை நீளமாக விரித்து, ஓரங்களைச் சீட்டுக்கு அடியில் செருகினாள்.

“உட்காருங்க” என்றாள்.