ஆரோக்கியம் என்னும் பெயர் தாங்கிய வேர்

தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நேட்டால் புல்வெளிகளிலே, வெண்ணிற இதழ்கள் சூழ நடுவில் கருமை படர்ந்த பூவைத் தாங்கி நிற்கும் சிறு செடி ஒன்றுண்டு. அதன் வேர்க்கிழங்கை ஜூலு மக்கள் இம்பிலா என்பார்கள். ஆரோக்கியம் என்பதே அச்சொல்லின் பொருள். வயிற்று நோய்க்கும் நாடாப்புழுவுக்கும் இருமலுக்கும், கருவுற்ற பெண்ணின் நலத்துக்கும், தீய சக்திகளை விலக்குவதற்கும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் நம்பி உட்கொண்டுவந்த இவ்வேர், கல்லீரலைக் கருக்கிப் பிராணனைக் கொள்ளும் விஷமும் ஆகும் என்பது, 1970-களில் அந்நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் ஐயமற விளங்கிற்று.

வேரில் உறையும் அட்ராக்டிலோசைடு என்னும் பொருள், உயிரணுவுக்குள் சக்தியைப் பிறப்பிக்கும் மைட்டோகாண்டிரியாவின் வாயிலை அடைத்துவிடுகிறது. ஈரலின் அணுக்கள் மடிகின்றன, இரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறது, சிறுநீரகமும் பழுதுறுகிறது. வயிற்றுவலியால் அழும் குழந்தைக்குத் தாய் அன்போடு வேரை இடித்துக் கரைத்துப் புகட்டுகிறாள், அல்லது எனிமாவாகச் செலுத்துகிறாள். பின்னர் வாந்தியும் வலிப்பும் வந்து, குழந்தை நினைவிழக்கிறது. இதற்கென்று முறிமருந்து ஏதும் இல்லை.

இவ்வாறு நேரும் குழந்தையின் மரணத்துக்கு யார் பொறுப்பாளி? வேரைக் கொடுத்த இன்யாங்கா, அதாவது மூலிகை வைத்தியன், மக்களை வஞ்சிக்கிறான் என்று சொல்வது எளிது. ஆனால் அது நியாயமன்று. தின்றவுடன் கொல்லும் காயை எந்தச் சமூகமும் விரைவில் கண்டு ஒதுக்கிவிடும். நோயாளிக்கு மட்டுமே கொடுக்கப்பட்டு, நோயின் குறிகளையே தன் குறிகளாகக் காட்டிக் கொல்லும் விஷத்தையோ பரம்பரை அனுபவம் பிரித்தறிவது மிகக் கடினம். பிழைத்தவன் வேரைப் புகழ்வான். இறந்தவனுடைய சாவோ நோயின் கணக்கில் எழுதப்படும். ஆகவே அறியாமல் கொடுத்தவனைக் குற்றவாளி என்பதற்கில்லை. அறிவித்த பின்பும் கொடுப்பவன் குற்றவாளியே. மரபின் பெருமை எதுவும் அவனைக் காக்காது.

ஆனால் அறிவித்தார்களா, எவ்விதம் அறிவித்தார்கள் என்பதைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது தர்மமாகாது. 1957-ஆம் ஆண்டின் சூனிய ஒழிப்புச் சட்டம், குறிசொல்லி நோயின் காரணம் கூறும் சங்கோமாவின் தொழிலையே குற்றமாக்கிற்று. பாரம்பரிய வைத்தியர்களை நாடு முழுவதிலும் பதிவு செய்து ஏற்க வகைசெய்யும் சட்டம் நிலைபெற்றதோ 2007-இல்தான். அரை நூற்றாண்டு இகழ்ந்தவர்களின் வாயிலிருந்து வரும் எச்சரிக்கையும் இகழ்ச்சியாகவே காதில் விழும் அல்லவா? ஆங்கில வைத்தியத்தின் பாரசிட்டமால்கூட அளவு மீறினால் ஈரலை அழிக்கத்தான் செய்கிறது. அதற்காக அவ்வைத்தியம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று எவரும் தள்ளுவதில்லை. அளவையும் அபாயத்தையும் பெட்டியின் மேல் அச்சிடுகிறார்கள். இம்பிலாவின் மேல் ஒட்டியிருப்பது ஆரோக்கியம் என்ற பெயர் ஒன்றுதான்.

தடை விதித்தால் போதும் என்போர் உண்டு. காட்டில் தானே முளைக்கும் செடியைச் சட்டம் தடுக்காது. கொடுத்ததை ஒளிக்கவே அது கற்பிக்கும். மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் தாயை நோக்கி, “என்ன கொடுத்தாய்?” என்று அதட்டும் குரலில் கேட்டால், அவள் தலைகுனிந்து, “ஒன்றுமில்லை” என்பாள். அந்த ஒரு சொல்லால் மருத்துவரின் கண் மறைக்கப்படுகிறது. அவளைப் பொய் சொல்லவைத்த அதட்டலுக்கும் இப்பாவத்தில் பங்கு உண்டு என்றே கருதவேண்டியிருக்கிறது.

டர்பன் நகரில், வார்விக் சந்திப்பையடுத்த மூலிகைச் சந்தையில், வேர்களையும் பட்டைகளையும் குவித்து விற்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவ்வருமானத்தில்தான் அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ஆராய்ச்சி ஏடுகளில் ஆங்கிலத்தில் அடங்கிக்கிடக்கும் செய்தியை அவர்களுடைய ஜூலு மொழியில், அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு எடுத்துரைக்க வேண்டியது, அதை முதலில் அறிந்தவர்களின் கடன். அக்கடனோ இன்னும் தீர்ந்தபாடில்லை.