மறந்தவரை யார் நினைப்பது?

கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்கிறது கீதையின் 8-ஆம் அத்தியாயம். அப்படியானால் அல்சைமர் வந்த என் அம்மாவின் கதி? காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு நினைவில் இல்லை. என்னையே "நீ யாராத்துப் பொண்ணு?" என்று கேட்கிறாள். ஆனால் கோயிலில் பெருமாளின் திருவடியான சடாரியைத் தலையில் சாதிக்க வந்தால் தலை தானாகக் குனிகிறது, வலக்கை வாயைப் பொத்துகிறது. புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸை இந்நோய் தொடக்கத்திலேயே அரிக்கும். உடம்பில் ஊறிய பழக்கம் வெகுநாள் தங்கும். அப்படியானால் அது பக்தியா, வெறும் பழக்கமா?

இந்தக் கேள்விக்கே இடமில்லை என்கிறது வைணவம். புத்தி தெளிவாக இருக்கும்போது தன்னை நினைத்தவன் பின்னாளில் கட்டையாய், கல்லாய்க் கிடந்தால், அவனைத் தான் நினைப்பதாக வராகப் பெருமாள் சரம சுலோகத்தில் வாக்குக் கொடுக்கிறார். அந்திமத்தில் நினைக்க முடியாமல் போகலாம் என்றுதான் பெரியாழ்வாரும் அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். நினைக்கும் பொறுப்பு கைமாறிவிடுகிறது.

வீட்டுக்கும் அதுவே தர்மம். "நான் யார், சொல்லு பார்ப்போம்" என்று நினைவு தப்பியவர்களுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்கும் சேர்த்து நினைவு வைத்திருப்பது இனி நம் கடமை.