காய்ந்த துணியால் துடைக்காதே!

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1,2, மத்தேயு 4:21

  

பிரியமானவர்களே, இந்த மாதம் ஒரு பழைய டெலஸ்கோப்பைக் கொண்டு கர்த்தர் என்னோடே பேசினதை எழுதுகிறேன். முதலாவது எனக்குத்தான் அடி விழுந்தது. அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நம்ம அனுப்பம்பட்டு சபை வாலிபத் தம்பி ஒருவர், சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். பார்க்கிறதற்குக் கிணற்றுக் குழாய் மாதிரி இருந்தது. "ஐயா, இது நட்சத்திரம் பார்க்கிற டெலஸ்கோப்பு. யாரோ கையால செஞ்சு, யாரோ தூக்கிப் போட்டது"ன்னு சொன்னார். அடியிலே ஆறு அங்குலக் குழிக்கண்ணாடி ஒன்று இருந்தது. 1668-ம் வருஷம் நியூட்டன் செய்த முறைதான் இது. வானத்து வெளிச்சம் குழாயின் திறந்த வாய் வழியாக இறங்கி, அடியிலுள்ள குழிக்கண்ணாடியில் பட்டு, மேலே திரும்பி, சாய்வாக வைத்த ஒரு சின்னக் கண்ணாடியில் மோதி, பக்கத்திலுள்ள துவாரத்தின் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது.

ஆனால் அந்தக் கண்ணாடியில் என் முகமே தெரியவில்லை. தூசி, பூஞ்சை, கரும்புள்ளி. நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து, "கொடு தம்பி, துடைச்சுத் தர்றேன்" என்று கையை நீட்டினேன். அந்தத் தம்பி பதறிப்போய், "ஐயா, ஐயா, துணியை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்கள். நம்ம வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் கெட்டிக் கண்ணாடி. எப்படித் தேய்த்தாலும் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டெலஸ்கோப்புக் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கம். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியம், திறந்தபடி இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கிற தூசியில் மணல் உண்டு. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், அந்த மணலே பூச்சைக் கிழித்துக் கோடு போட்டுவிடும். துடைக்கிறவன் சுத்தம் பண்ணுகிறேன் என்றுதான் நினைப்பான், உண்மையில் கீறுகிறான்!

அந்தக் கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினார். முந்தி வைத்திருந்த யாரோ துடைத்துத் துடைத்துப் போட்ட மெல்லிய கோடுகள், வலைக்கண்ணி மாதிரி நிறைந்திருந்தன.

தேவ பிள்ளையே, அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு சகோதரனுடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து நம்ம சபைக்கு வந்துகொண்டிருந்தவர். ஞானஸ்நானம் எடுத்தவர், சாட்சி சொன்னவர், உபவாச ஜெபத்தில் முதல் ஆளாய் வந்து பாய் விரிக்கிறவர். பிறகு குடியில் விழுந்தார். நான் அவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேனா? இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலே, பேர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரிகிற விதமாய்க் குத்திப் பேசினேன். "ஆமென்" என்று சத்தம் வந்தது. எனக்கும் அப்போது நல்லாத்தான் இருந்தது. அவருடைய சம்சாரம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நாலு வருஷமாக அந்தக் குடும்பம் நம்ம வாசப்படி ஏறவில்லை. பாவத்தைக் கண்டித்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை பிரியமானவர்களே, நான் காய்ந்த துணியால் துடைத்தேன்.

அந்தத் தம்பி செய்ததைக் கவனியுங்கள். முதலில் ரப்பர் பல்பினால் காற்றடித்துத் தளர்ந்த தூசியைப் போக்கினார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு சொட்டு சோப்பு விட்டு, கண்ணாடியை முழுக வைத்து ஊற விட்டார். தேய்க்கவில்லை, அவசரப்படவில்லை. ஊறின பிறகு, தண்ணீருக்குள்ளேயே பஞ்சை அதன் பாரத்துக்கு மட்டும் மெதுவாய் இழுத்தார். ஒரு பஞ்சை ஒரு தடவைதான். உடனே வேறு பஞ்சு. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரால் அலசி நிமிர்த்தி வைத்தார். அப்போது அழுக்கு போயிற்று. ஆனால் பூச்சு கெட்டுப்போயிருந்தது வெளியரங்கமாயிற்று. ஈர உப்பு இந்த அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாய் அரித்துவிடும். நம்ம ஏரிக்காற்றுக்கு இரும்பே நிற்கிறதில்லை, இது எம்மாத்திரம்?

சரி, தூக்கிப் போட வேண்டியதுதானா? "இல்லீங்கய்யா, பூச்சுதான் போச்சு. கண்ணாடியோட உருவம் அப்படியே இருக்கு" என்றார். விலையேறப்பெற்றது மேலே உள்ள பூச்சு அல்ல. யாரோ நாள்கணக்காய் உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்து அந்தக் குழிவைக் கொடுத்தார்களே, அதுதான் விலையேறப்பெற்றது.

ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் செம்புத்தகடு அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கரைசலை, கையுறை போட்டு, ஜாக்கிரதையாய் ஊற்றினார். பழைய பூச்சு கரைந்தது. அதோடே அந்த வலைக்கண்ணிக் கோடுகளும் கரைந்து போயின! அவை பூச்சில் விழுந்த கோடுகள்தானே. மிஞ்சினது வெறும் கண்ணாடி. அதில் ஒன்றும் மினுங்கவில்லை, ஒன்றும் பெருமைக்கில்லை.

பிறகு அதைப் பூச்சு போடுகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த ஒரு கூண்டுக்குள் கண்ணாடியை வைத்து, டங்ஸ்டன் கம்பிச்சுருளில் அலுமினியத்தைச் சூடாக்குகிறார்கள். அது ஆவியாகிப் போய்க் கண்ணாடியில் படிகிறது. உள்ளே காற்று மிச்சம் இருந்தால் பூச்சு சரியாய்ப் பிடிக்காது. ஒரு விரல் பட்ட எண்ணெய் இருந்தாலும் அந்த இடத்தில் உரிந்துவிடும். எழுப்புதலுக்குக் காத்திருக்கிற தேவ ஜனமே, கேட்கிறீர்களா? மேல்வீட்டறையில் காத்திருந்தவர்கள் சுயத்தை வெறுமையாக்கிக் காத்திருந்தார்கள். நாம் பழைய பூச்சின்மேலே புதுப் பூச்சு கேட்கிறோம். அதனால்தான் கூட்டம் முடிந்த ஒரு மாதத்தில் உரிந்துவிடுகிறது.

இப்படிப் பழசைப் புதுப்பிக்கிறது நம்ம தேசத்தில் புதுக்காரியம் அல்ல. பாவ்நகர் மகாராஜாவின் பண உதவியோடே, நாயகம்வாலா என்கிற பேராசிரியர் 1888-ல் பூனாவில் ஒரு வானாராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். அங்கே அயர்லாந்து தேசத்து கிரப் கம்பெனி செய்த இருபது அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்பு இருந்தது. அவர் ஓய்வு பெற்றதும் 1912-ல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். டெலஸ்கோப்பைத் தூக்கிப் போட்டார்களா? இல்லை, நம்ம கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். கைமாறி வந்த அந்தப் பழைய பொருள்தான் பல பத்து வருஷங்களாக இந்தியாவிலேயே பெரிய டெலஸ்கோப்பு என்கிற பேரைத் தாங்கி நின்றது!

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம், ஒரு ஆளைக் காட்டிலும் பெரியது. அதற்கும் பூச்சு மங்கும். அதற்கும் பழைய பூச்சைக் கழுவி எடுத்துப் புதுப்பூச்சு போட வேண்டும். அதற்கென்று ஒரு பெரிய கூண்டையே அங்கே வைத்திருக்கிறார்கள். பெரிய கண்ணாடி என்பதினால் அதற்கு விலக்கு இல்லை. பாஸ்டர் என்பதினால் எனக்கும் விலக்கு இல்லை. சபை மூப்பரே, உமக்கும் இல்லை.

இப்போது வசனத்துக்கு வாருங்கள். ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்கள் சாந்தத்தோடே அவனைச் சீர்படுத்த வேண்டும் என்று பவுல் கலாத்தியர் 6:1-ல் எழுதுகிறார். சீர்படுத்துவதற்கு மூலபாஷையில் அவர் போட்ட அதே வார்த்தைதான், மத்தேயு 4:21-ல் யாக்கோபும் யோவானும் படவிலே உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்தார்களே, அங்கேயும் வருகிறது. நம்ம குப்பத்துச் சகோதரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா? வலை கிழிந்தால் யாராவது வலையைத் திட்டுவார்களா? கடற்கரையில் நாலுபேருக்கு முன்னே விரித்து, "பாரு, எவ்வளவு ஓட்டை"ன்னு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்களா? மடியில் போட்டு, ஊசியும் நூலும் எடுத்து, கண்ணி கண்ணியாய்ப் பின்னுவார்கள். அதுதான் சாந்தம்!

ஆண்டவர் பேதுருவுக்கு அப்படித்தான் செய்தார். மூன்று தரம் மறுதலித்தவனைக் கரையில் சந்தித்தபோது, முதலாவது கரிநெருப்பும் மீனும் அப்பமும் வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி கேட்டார் (யோவான் 21). ஊறவைத்துத்தான் அழுக்கை எடுத்தார். வனாந்தரத்தில், ஸ்திரீகள் கொடுத்த பழைய தர்ப்பணங்களை, அதாவது முகம் பார்க்கிற வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டே, ஆசாரியர்கள் கைகால் கழுவுகிற தொட்டியைச் செய்வித்தார் (யாத்திராகமம் 38:8). பழையது என்று அவர் ஒன்றையும் தள்ளுகிறதில்லை.

"பாஸ்டர், சிலருடைய குறை போகவே மாட்டேங்குதே?" என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு டெலஸ்கோப்பு பதில் சொல்லுகிறது. 1990 ஏப்ரலில் அமெரிக்கா ஹப்பிள் டெலஸ்கோப்பை ஆகாயத்துக்கு அனுப்பினது. போன பிறகுதான் தெரிந்தது, அதன் 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்ததிலேயே பிழை. ஓரத்தில் தலைமயிரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அதற்கே படமெல்லாம் மங்கல். அந்தக் கண்ணாடியைக் கழற்றி மாற்ற வழியில்லை. 1993 டிசம்பரில் ஆட்கள் மேலே போய், அந்தப் பிழைக்கு நேர் எதிராய்த் தேய்த்த சின்னக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். பெரிய கண்ணாடியின் குறையைச் சின்னக் கண்ணாடிகள் சுமந்தன, படம் தெளிவாயிற்று. கலாத்தியர் 6:2-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னது இதுதான்! குடியை விட்ட சகோதரனுக்குச் சாயங்காலம் ஏழு மணி ஆனால் கால் அந்தப் பக்கம் இழுக்கும். அந்த நேரத்துக்கு நீ அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரு. அவர் குறைக்கு எதிராய்த் தேய்க்கப்பட்ட சின்னக் கண்ணாடி நீதான்.

புதுப்பூச்சு போட்டு வந்த கண்ணாடியைத் தம்பி குழாயில் பொருத்தினார். உடைந்துபோன கண்வில்லைத் தாங்கிக்குப் பதிலாக பிவிசி பைப்புத் துண்டு, பழைய படகுப்பலகையில் ஒரு புதுத் தாங்கி. பிறகு அடியிலுள்ள மூன்று திருகாணிகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி நேர்ப்படுத்தினார். அதற்கே ஒரு இராத்திரி ஆயிற்று. புதுப்பூச்சு வந்த உடனே எல்லாம் நேராகிவிடாது பாருங்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் பார்த்தோம். யோபு 38-ம் அதிகாரத்தில் வருகிற அறுமீனைக் காட்டினார். கடலில் திசை பார்க்கிற நம்ம ஆட்கள் வெறுங்கண்ணால் ஆறு எண்ணுகிற இடத்தில், எண்ண முடியாத கூட்டம் இருந்தது! ஒரு வயதான தாயார் அழுதே விட்டார்கள். கண்ணாடியில் ஒரே ஒரு ஆழக்கீறல் மட்டும் இன்னும் உண்டு. அது பூச்சில் அல்ல, கண்ணாடியிலேயே விழுந்தது. "அது பரவாயில்லீங்கய்யா, வெளிச்சத்தைத் தடுக்காது" என்றார் தம்பி.

மறுவாரம் நான் அந்தச் சகோதரனைத் தேடி ஏரிக்கரைக்குப் போனேன். மரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, உன்னை எல்லாருக்கும் முன்னாடி நான் அவமானப்படுத்தினேன். மன்னிச்சிரு" என்றேன். ரொம்ப நேரம் ஊசி நிற்கவில்லை. பிறகு, "நான் குடிச்சது தப்புதான் ஐயா. ஆனா அன்னைக்கு என் புள்ளைங்க கேட்டுக்கிட்டிருந்துச்சே" என்றார். அதற்கு என்னிடத்தில் பதில் இல்லை. இருவருமாய் அழுது ஜெபித்தோம். இதை எழுதவும் அவரே சம்மதம் கொடுத்தார்.

அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. அடுத்த வெள்ளி உபவாச ஜெபத்துக்கு வந்தாலும் வரலாம். அன்றைக்கு யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். "இத்தனை நாள் எங்கே போனீங்க" என்று கேட்க வேண்டாம். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் சாப்பாடு பரிமாறுங்கள். உங்கள் கையில் இருக்கிற காய்ந்த துணியை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் என்னுடையதை வைத்துவிட்டேன்.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, எங்கள் பழைய பூச்சைக் கரைத்துப்போடும். எங்களை வெறுமையாக்கி, உம்முடைய ஆவியினால் மூடும். நாங்கள் கீறின ஒவ்வொரு ஆத்துமாவையும் எங்களுக்கு ஞாபகப்படுத்தி, அவர்கள் வாசலுக்கு எங்களை நடத்தும். இயேசுவின் மூலம் கேட்கிறோம் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்!