ஜெபிப்பதற்கு முன்

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்தது, வேதபாகம் வாசித்தாயிற்று, ஜெபக்குறிப்பு கேட்கும் நேரம். "பையனுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்கிறார் ஓர் அக்கா. அதற்குமேல் சொல்லாமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். கூட்டம் நடத்துகிற நான், "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அக்கா, ஜெபிக்கலாம்" என்று கண்ணை மூடினேன். உருக்கமாகத்தான் ஜெபித்தேன். பையனுக்கு என்ன என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது.

பல வருடம் இப்படித்தான் நடத்தினேன். அக்கறை இல்லாமல் அல்ல. அந்த அக்கறையே அவசரப்படுத்தியது. ஒருவர் குரல் தழுதழுத்தால் நமக்குத் தாங்கவில்லை. கைக்கு எட்டிய வசனத்தையோ ஜெபத்தையோ எடுத்து அவர் வாயை அடைத்துவிடுகிறோம். ஜெபத்தால் ஒருவரைப் பேசவிடாமல் செய்ய முடியும் என்பது எனக்கு வெகு தாமதமாகவே உறைத்தது.

யோபின் நண்பர்களைக் குறைசொல்லியே பழகியிருக்கிறோம். ஆனால் முதல் வாரத்தில் அவர்கள் இருந்த விதத்தைப் பாருங்கள். ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யோபு வாய்திறந்து தன் பிறந்தநாளைச் சபித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 4-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் பதில் சொல்லத் தொடங்குகிறான். அவன் சொன்னதெல்லாம் பொய்யுமல்ல. அவன் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது எடுத்தாள்கிறார். அப்படியிருந்தும் கடைசி அதிகாரத்தில் தேவன் அவன்மேல் கோபங்கொள்கிறார். எதிரே இருப்பவனைக் கேளாமல் சொல்லும்போது சரியான வார்த்தையும் பிழையாகிவிடுகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எம்மாவு வழியில் நடந்தது வேறு. எருசலேமில் நடந்ததை எவரைவிடவும் அறிந்தவர் இயேசு. அவரோ அந்த வழியில் நடந்துபோன இரண்டு சீஷர்களிடமும் என்ன நடந்தது என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் நம்பிக்கை முறிந்ததிலிருந்து கல்லறை வெறுமையாயிருந்த குழப்பம் வரை சொல்லி முடிக்கும் மட்டும், லூக்கா எழுதியிருக்கிறபடி, குறுக்கே ஒரு சொல் இல்லை. மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரைக்குமான விளக்கம் அதன் பிறகே வருகிறது. வேதபாடம் நடத்துகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள், கூடுமிடம் கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவுசெய்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலுக்குப் பொறுப்பு. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு, கூட்டத்தில் தெரியாத வீட்டு நிலைமை தெரிந்தது. காசைவிட இது பெரிது என்று வெஸ்லி கண்டுகொண்டார். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் இப்படித்தான் உருவானது. போய்ப் பார்த்து விசாரித்தது முதலில், கூடியது பிறகு.

நம் கூட்டங்களில் சிலர் நிறையப் பேசுவார்கள். அவர்களை அன்பாக நிறுத்துவதும், பேசாதவர் பக்கம் திரும்புவதும் நடத்துகிறவர் வேலைதான். ஆனால் அதைவிடக் கடினம், கேள்வி கேட்டபின் சும்மா இருப்பது. பத்து விநாடி மௌனம் ஒரு மணி நேரம்போல் இருக்கும். நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் யாராவது பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் அதுவரை பேசாதவராகவே இருக்கிறார்.

இன்னொன்று: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டுச் செய்தி தெருவெல்லாம் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை அப்படி நடந்தால், அந்த வீட்டுக்காரர் அடுத்த வாரம் "பொதுவா ஜெபிங்க" என்று மட்டும்தான் சொல்வார்.

அந்த அக்கா மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை பையனைப்பற்றிச் சொன்னார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. "என்ன அக்கா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துச் சொல்லத் தொடங்கினார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அன்று ஜெபம் நான்கே வாக்கியம். முதன்முறையாக அதில் பையனின் பெயர் இருந்தது.